எந்தத் துப்பாக்கி என்று கேட்ட மாணவனுக்கு



நமீபியாவில் சுரங்கத்தில் வேலை பார்க்கும் நம் 2003 பேட்ச் மாணவன் ஒருவன் குரூப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தான். அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக்கு மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரு ரைபிள் வாங்க உரிமத்துக்கு எழுதிப் போடப் போகிறானாம். “சார், .375 வாங்கவா, .300 மேக்னம் வாங்கவா? பெரிசா ஒண்ணு வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல?” என்பது கேள்வி.

அவனுக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். அதற்குள் நான்கைந்து பேர் “சார் வேட்டைக்கா யோசனை சொல்லப் போறார்?” என்று சிரித்துவிட்டார்கள். என் தங்கை போனிலேயே கூப்பிட்டு, “அண்ணா, உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?” என்று கேட்டாள். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் ஓடிப்போன மாதிரி இங்கே ஓட முடியாது, ஓடினாலும் எனக்குத் தெரியாது.

முதலில் எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். மூத்த பேட்ச்காரர்களுக்குத் தெரியும், 1993 முதல் 1998 வரை ஒப்பந்த ஆசிரியராக நமீபியாவில் இருந்தேன். நாடு விடுதலை பெற்றது 1990 மார்ச்சில். ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கிவிட்டார்கள், இயற்பியலை ஆங்கிலத்தில் நடத்த ஆள் தேவைப்பட்டது. ஒச்சிவரோங்கோ பக்கம் ஒரு பள்ளி. பள்ளிக்கு இறைச்சி கொடுக்கும் பண்ணைக்காரர் ஒருவர் எனக்கு நண்பரானார். எல்லோரும் அவரை ‘ஊம்’ என்பார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் மாமா என்று அர்த்தம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடன் ஐந்து குளிர்காலம் காட்டுக்குள் போயிருக்கிறேன். என் கையில் இருந்தது தண்ணீர்க் குப்பியும் ஒரு நோட்டும். ஒரு விலங்கின் மேலும் நான் சுட்டதில்லை, சுடும் ஆசையும் வந்ததில்லை. ஆனால் இங்கே என்.சி.சி. பார்த்தவன் என்பதால் த்ரீ நாட் த்ரீயின் உதை என்னவென்று என் தோளுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தது நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தது அதைவிட நிறைய.

தங்கைக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை. அங்கே சட்டம் வேறு வழியில் போனது. 1960களின் கடைசியிலும் 1975-லும் வந்த சட்டங்கள், வேலி போட்ட நிலத்தில் திரியும் சில வகை மான்கள் மேல் பண்ணைக்காரருக்கே உரிமை கொடுத்தன. அதுவரை மாட்டின் புல்லைத் தின்னும் தொந்தரவாக இருந்தவை அதற்குப் பிறகு அவருக்குச் சொத்து ஆயின. பண்ணைகளில் மான்கள் பெருகின. மழை பொய்த்த வருடம் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் மானும் மாடும் சேர்ந்து பட்டினி கிடக்கும். சுட்ட இறைச்சியில் ஒரு துண்டு வீணாகாது. உப்பும் கொத்தமல்லியும் தடவிக் காய வைத்து ‘பில்டோங்’ ஆக்கிவிடுவார்கள், நம் உப்புக்கண்டம் மாதிரி. இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனசு. அவன் போவது என்று முடிவு செய்துவிட்டான், அந்த மான் எப்படிச் சாகப் போகிறது என்பது மட்டும்தான் இப்போது மிச்சம் இருக்கும் கேள்வி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .308 வாங்கு. அந்த ஊர் கடையில் .30-06 நல்லதாகக் கிடைத்தால் அதுவும் சரி. .375 வேண்டாம், மேக்னமும் வேண்டாம். ஏன் என்பதற்கு இனி வா.

நமீபியச் சட்டம் ஜூல் கணக்கில் பேசும். எனக்கு அந்த நாட்டைப் பிடித்துப்போன காரணங்களில் இதுவும் ஒன்று. குழல்வாயில் குண்டுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலை மூன்று படியாக வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்பாக் போன்ற சிறு மான்களுக்கு 1,350 ஜூல். ஓரிக்ஸ், கூடூ, ஹார்ட்பீஸ்ட், வில்டபீஸ்ட், ஈலண்ட் வகையறாவுக்கு 2,700. எருமை, யானைக்கு 5,400. ஒவ்வொரு படியும் முந்தையதன் இரட்டிப்பு என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது அரை எம் வி ஸ்கொயர் போடுங்கள். .308-இல் 180 கிரெய்ன் குண்டு, அதாவது 11.7 கிராம். அது வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டரில் கிளம்பும். விடை 3,700 ஜூல் பக்கம் வரும். .30-06-இல் அதே குண்டு கொஞ்சம் வேகமாகப் போய் 3,900 சொச்சம். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வினாடிக்கு 900 மீட்டர், 4,700 ஜூல். .375 ஹாலந்து அண்ட் ஹாலந்தில் 19.4 கிராம் குண்டு, 770 மீட்டர், 5,700-க்கு மேல். ஆக, நீ சுடப் போகும் மான்களுக்குச் சட்டம் கேட்பதைவிட .308-இடம் ஆயிரம் ஜூல் கூடவே இருக்கிறது. எருமைக்கும் யானைக்கும் நீ போகப் போவதில்லை. போவதாக இருந்தால் உங்க அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன்.

“ஆற்றல் கூடினா நல்லதுதானே சார்?” என்பாய். 3,700 ஜூல் என்பது ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏழரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை. கேட்க பயமாக இருக்கிறது. ஆனால் சினிமாவில் வருவது போல குண்டு பட்டதும் விலங்கு தூக்கி எறியப்படுவது பொய். உந்தத்தைக் கணக்கிடு. 11.7 கிராம், 800 மீட்டர், பெருக்கினால் ஒன்பதரைக்குக் கீழே. 210 கிலோ ஓரிக்ஸின் உடம்புக்குள் அவ்வளவும் நின்றுபோனாலும் அந்த உடம்பு பெறும் வேகம் வினாடிக்கு நான்கரை சென்டிமீட்டர். ஓணான் நகர்வதைவிடக் குறைவு. நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருந்தால் இதில் ஆச்சரியம் இல்லை. குண்டு எடுத்துக்கொண்டு போகும் அதே உந்தம், கூடவே வெளியேறும் புகையின் உந்தமும் சேர்ந்து, முதலில் உன் தோளுக்குத்தானே வருகிறது! நீ பறந்து போய் விழவில்லையே, மானும் விழாது.

பிறகு எப்படிச் சாகிறது? இதயமோ, அதன் மேலிருக்கும் பெரிய ரத்தக் குழாய்களோ, இரண்டு நுரையீரலுமோ கிழிந்து, மூளைக்கு ரத்தம் நிற்பதால். அது நடந்தால் ஐம்பது, நூறு மீட்டர் ஓடி விழுந்துவிடும். நடக்காவிட்டால் எத்தனை ஜூல் கொடுத்தாலும் சாகாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை சரியான இடத்தில் விழ வேண்டும், போதிய ஆழம் போக வேண்டும். துப்பாக்கி தேர்வு என்பது இந்த இரண்டுக்காக மட்டும்தான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது குளிர்காலம் என்று நினைவு. ஊமின் பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். நல்ல மனிதர், பெயர் வேண்டாம். புத்தம்புது .300 மேக்னம், மேலே உலக்கை மாதிரி ஒரு தொலைநோக்கி. காலையில் பனி விறைக்கும் குளிரில் கிளம்பினோம். ஊம், விருந்தாளி, தடம் பார்க்கும் டமாரா இனத்துப் பெரியவர், கடைசியில் நான். ஒன்பது மணி வாக்கில் முள்மரத்தின் ஓரம் ஒரு ஓரிக்ஸ் தனியாக நின்றது. நூற்றிருபது மீட்டர் இருக்கும். பெரியவர் மூன்று கம்புகளை ஒன்றாகக் கட்டிய முக்காலியை விரித்து வைத்தார். அங்கே படுத்துச் சுட முடியாது, புல்லும் முள்ளும் மறைக்கும். எல்லோரும் நின்றபடி அந்தக் கம்பில் குழலை வைத்துத்தான் சுடுவார்கள். விருந்தாளி வெகு நேரம் குறி பார்த்தார். வெடித்தது. குண்டு பட்ட சத்தம் எனக்கே கேட்டது, ஈரச் சாக்கை அடித்த மாதிரி. ஊம் தலையை ஆட்டினார். அந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும்.

பெரியவர் தரையில் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி எங்களிடம் காட்டினார். ரத்தம் இருந்தது, அதில் பச்சையாக அரைத்த புல்லும் இருந்தது. வயிறு. அதன் பிறகு ஐந்து மணி நேரம் நடந்தோம். ‘கொஞ்சம் பொறு’ என்று பெயர் வைத்திருக்கும் ஒரு முள்செடி அங்கே உண்டு, சட்டையைப் பிடித்தால் விடாது. என் கையெல்லாம் கீறல். ரத்தம் முதல் அரை மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. பிறகு வெறும் குளம்படிதான், அதுவும் நூறு ஓரிக்ஸின் குளம்படிக்கு நடுவில். பெரியவர் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. இரண்டு முறை அது எங்களைக் கண்டு எழுந்து ஓடியது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு புதரடியில் படுத்திருந்ததைக் கண்டோம். தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஊம் தன் பழைய 7 மில்லிமீட்டர் மௌசரால் முடித்தார். விருந்தாளி ஒரு கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு நோட்டில் எழுதினேன். அந்த மேக்னத்துக்கு .308-ஐவிட ஆயிரம் ஜூல் அதிகம். அந்த ஆயிரமும் எங்கே போனது? குடலுக்குள் போனது.

மறுநாள் காலை ஊம் விருந்தாளியை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அட்டைப் பெட்டியில் வட்டம் வரைந்து நூறு மீட்டரில் வைத்தார். துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் தானே வாங்கி நிரப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை நிரப்பாமலே கொடுத்தார். விருந்தாளிக்குத் தெரியாது. விசையை அழுத்தினார், ‘டிக்’ என்றது. வெடிக்காத துப்பாக்கியின் குழல் ஒரு சாண் கீழே குதித்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. பக்கத்தில் நின்ற நான் தெளிவாகப் பார்த்தேன். உதை வரப் போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. அவர் ஒன்றும் பயந்தவர் இல்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை தானாக இழுத்துக்கொள்வது போன்றதுதான் இது. வீரத்தால் இதை வெல்ல முடியாது, உதையைக் குறைத்தால்தான் முடியும்.

உதைக்கும் கணக்கு உண்டு. நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ரைபிளில் .308 தோளில் கொடுப்பது 23, 24 ஜூல். .300 மேக்னம் 33 முதல் 35. நான்கு கிலோவைத் தாண்டிய கனமான .375-இல் ஐம்பதைத் தாண்டும், அதாவது இரட்டிப்புக்கு மேல். எடை குறைந்த ரைபிள் வாங்கினால் இந்த எண்கள் இன்னும் ஏறும். தூக்கி நடக்கச் சுகமாக இருக்கிறதே என்று மூன்று கிலோ மேக்னம் வாங்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். .375-ஐக் கண் மூடாமல் சுடுகிறவர்கள் உண்டு, எருமைக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்று பல வருடம் பழகியவர்கள். 1912-இல் வந்த தோட்டா அது, இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் அதற்கு மரியாதை குறையவில்லை. நான் குறை சொல்வது தோட்டாவை இல்லை. வருடத்தில் நான்கு நாள் சுடப் போகிற சுரங்கப் பொறியாளனுக்கு அது வேண்டாம் என்கிறேன்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊம் அவருக்கு வீட்டிலிருந்த பழைய .308-ஐக் கொடுத்தார். இரண்டு நாள் அட்டையில் மட்டும் சுட வைத்தார். மூன்றாம் நாள் ஒரு கூடூ ஆண், சுருள் கொம்போடு இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். நூறு மீட்டரில் ஒரே குண்டு. நாற்பது தப்படி ஓடி விழுந்தது. பெரியவர் அப்போதுதான் முதல்முறையாக விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தார்.

ஊமின் 7 மில்லிமீட்டர் மௌசர் பற்றியும் சொல்ல வேண்டும். 7×57 என்பார்கள், 1890களில் வந்த தோட்டா. 1899-இல் தொடங்கிய ஆங்கிலேய-போயர் போரில் போயர்கள் கையில் இருந்தது இதுதான். இதே தோட்டாவை ஆங்கிலேயர் .275 ரிக்பி என்று அழைத்தார்கள். கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யானைத் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார், பெரும்பாலும் இந்தச் சின்னத் தோட்டாவால். பெருமையாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை, எனக்கு அந்த எண்ணை எழுதவே கூசுகிறது. ஆனால் எப்படி முடிந்தது என்று பார். அவர் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தவர். உதை குறைவாக இருந்ததால் நினைத்த இடத்தில் வைக்க அவரால் முடிந்தது. இன்று யாரும் அப்படிச் செய்யக் கூடாது, சட்டமும் விடாது. 7×57 உனக்கும் நன்றாகவே ஆகும், ஆனால் சின்ன ஊர்க் கடைகளில் தோட்டா தேட வேண்டியிருக்கும். .308-உம் .30-06-உம் எங்கேயும் கிடைக்கும். நான் .308 என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது குண்டு. கடையில் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தோட்டாவை இரண்டு நிமிஷத்தில் வாங்குகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. விலங்கைத் தொடுவது அந்த 11.7 கிராம் மட்டும்தானே. சாதாரண வேட்டைக் குண்டு ஈயத்தின் மேல் செம்புத் தோல் போர்த்தியது. பட்டதும் முனை காளான் போல விரியும். விரிந்தால்தான் ஓட்டை அகலமாகும். ஆனால் மிக வேகமாகப் போய் அருகில் தோள் எலும்பில் பட்டால் விரிவதற்குப் பதில் சிதறிவிடும், ஆழம் போகாது. மேக்னத்தில் மலிவான குண்டு போட்டால் வரும் கேடு இது. அமெரிக்காவில் ஜான் நாஸ்லர் என்பவருக்கு 1946-இல் இதே அனுபவம். சேறு அப்பிய ஒரு பெரிய மூஸ் மானின் தோளில் அவர் குண்டுகள் உடைந்துபோய் உள்ளே போகவில்லை. அதன் பிறகு நடுவில் ஒரு செம்புத் தடுப்பு வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். பிறகு ஈயத்தையும் செம்பையும் ஒட்டவைத்த குண்டுகள் வந்தன, முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளும் வந்தன.

நீ முழுச் செம்பு வாங்கு. ஈயக் குண்டு உள்ளே உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் பரவும். உன் பிள்ளைகள் சாப்பிடப் போகிற இறைச்சி. வெட்டிப் போடும் குடலைக் கழுகுகள் தின்னும். பக்கத்து போட்ஸ்வானாவில் வெண்முதுகுக் கழுகுகளின் ரத்தத்தில் ஈயம் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் கழுகுகளை இழந்தவர்கள் நாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பு ஈயத்தைவிட லேசானது, ஆகவே செம்பில் 150 அல்லது 165 கிரெய்ன் போதும். உதையும் இன்னும் கொஞ்சம் குறையும்.

குறி வைக்கும் இடம். படத்தில் பார்த்து, முன்காலுக்குப் பின்னால் நெஞ்சின் நடுவில் என்று நினைத்திருப்பாய். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, ஏறக்குறைய இரண்டு தோளுக்கும் நடுவில் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் கோட்டிலேயே மேலே வந்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே வை. கொஞ்சம் பின்னால் போனால் வயிறு, அதன் கதை மேலே சொன்னேன். பிடரியும் முதுகுத் திமிலும் வில்டபீஸ்டுக்கும் ஓரிக்ஸுக்கும் ஆளை ஏமாற்றும். உடம்பு அவ்வளவு உயரம் என்று நினைத்து மேலே சுட்டுவிடுவார்கள். நிற்கும் கோணம் சரியில்லையா, சுடாதே. நாளை வேறொன்று நிற்கும். ரத்தம் ஒரு துளி விழுந்தாலே, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்கான முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்.

ரைபிளைப் பற்றிச் சின்னச் சின்ன விஷயங்கள். தானாக அடுத்தடுத்து நிரப்பிக்கொள்ளும் வகை வேட்டைக்கு ஆகாது, கையால் தாழ்ப்பாள் இழுக்கும் போல்ட் வகைதான். நீ இடது கைக்காரன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சோதனைச்சாலையில் பக்கத்துப் பையன் பீக்கரை எத்தனை தட்டிவிட்டிருக்கிறாய்! கடைக்காரர் வலக்கை ரைபிளையே பழகிக்கொள்ளச் சொல்வார். கேட்காதே. இடது பக்கம் போல்ட் வைத்தது கேட்டு வாங்கு, ஆர்டர் போட்டு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. எடை தொலைநோக்கியோடு நான்கு கிலோ பக்கம் இருக்கட்டும். தொலைநோக்கி மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கினால் ஏராளம். அதை மூன்றில் வைத்துக்கொண்டு நட. பன்னிரண்டில் வைத்தவர்கள் எதிரே நிற்கும் மானைத் தேடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், கண்ணாடி முழுக்க வெறும் இலை.

தொலைநோக்கியை 150 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 200 மீட்டரில் குண்டு ஏறக்குறைய நான்கு விரல் கீழே விழும். அவ்வளவுதான், வேறு கணக்கே வேண்டாம். 200 மீட்டரில் .308-இடம் இன்னும் 2,600 ஜூல் பக்கம் மிச்சம் இருக்கும். அதைத் தாண்டிச் சுடாதே. இணையத்தில் 600 மீட்டரில் சுடுகிறவர்களை நிறையக் காட்டுகிறார்கள். அந்தத் தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும், அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சு இருந்த இடத்தில் வயிறு இருக்கும்.

துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இப்போதே பயிற்சித் தோட்டாவுக்கு ஒதுக்கு. காதுக்கு அடைப்பான் இல்லாமல் ஒன்றுகூடச் சுடாதே. உதைக்குப் பாதி, சத்தத்துக்குப் பாதி என்றுதான் உடம்பு மிரள்கிறது. மேசையில் சாய்ந்து சுட்டுப் பழகாதே, மூன்று கம்பு கட்டி நின்றபடி சுடு. இடையிடையே யாரையாவது விட்டு உனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா போட்டுக் கொடுக்கச் சொல். குழல் அசையாமல் நிற்கும் வரை காட்டுக்குப் போகாதே.

பிறகு பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு வட்டம் வெட்டிக்கொள், நம் வீட்டு டிபன் தட்டைவிடச் சிறியது. ஸ்பிரிங்பாக்கின் நெஞ்சுக்கு அதற்கு மேல் இடம் கிடையாது. ஐம்பது மீட்டரில் தொடங்கு. ஐந்துக்கு ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் இருபத்தைந்து மீட்டர் பின்னால் போ. எங்கே நாலாகிறதோ அதற்கு முந்தைய தூரம் எதுவோ அதுதான் இந்த வருடத்துக்கு உன் தூரம், அது எழுபத்தைந்தாகவே இருந்தாலும் சரி. அந்த எண்ணைப் பண்ணைக்காரரிடமும் தடம் பார்க்கிறவரிடமும் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடு. அவர்கள் அதற்குத் தக்கபடி உன்னைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.